ஹமாமட்சுவில் ஒரு நாலு நாடாத் தறி

டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் ஏறக்குறைய நடுவில், கடலை ஒட்டி இருக்கிற ஊர் ஹமாமட்சு. ஜப்பானைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் புல்லட் ரயில் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டுக் கியோட்டோவுக்குப் போய்விடுவார்கள். விலாங்கு மீனுக்காக இறங்குகிறவர்கள் கொஞ்சம் உண்டு. கோயில், கோட்டை என்று கேட்டால் ஊர்க்காரர்களே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்கள். ஆனால் மோட்டார் சைக்கிள் பைத்தியம் பிடித்தவனுக்கு இதைவிடப் பெரிய க்ஷேத்திரம் கிடையாது. சொய்ச்சிரோ ஹோண்டா 1946இல் தன் பட்டறையைத் தொடங்கியது இங்கே. 1887இல் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆர்மோனியத்தை ரிப்பேர் செய்யப்போய் இசைக்கருவிக் கம்பெனி கண்ட டொரகுசு யமஹாவும் இங்கேதான்; அவர் பெயரில் பைக் வந்தது 1955இல். மூன்றாவது, சுசுகி.

சுசுகிக்காக நான் போனேன். நகோயாவில் ஆபீஸ் வேலை, நடுவில் ஒருநாள் ஓய்வு. ஹமாமட்சுவில் இறங்கி உள்ளூர் ரயிலில் மேற்கே ஒரு ஸ்டேஷன் போனால் தகட்சுகா. அங்கிருந்து நடக்கிற தூரத்தில், கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு எதிரே நிற்கிறது அவர்களின் மியூசியமான சுசுகி பிளாசா. 2009இல் திறந்தது. கட்டணம் இல்லை, முன்பதிவு மட்டும் செய்துகொள்ள வேண்டும். கீழ்த்தளத்தில் இன்றைய வண்டிகள். இரண்டாம் தளத்தில் ஒரு கார் எப்படி உருவாகிறது என்ற விளக்கம். பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக நிற்பது இங்கேதான், நான் அதிகம் நிற்கவில்லை. மூன்றாம் தளத்தில்தான் வரலாறு.

மேலே ஏறியதும் இஞ்சினைத் தேடிய கண்ணுக்குத் தறி தெரிந்தது.

கம்பெனி தறியில் தொடங்கியது என்று எங்கோ படித்திருந்தேன். படித்ததும் பார்ப்பதும் ஒன்றில்லை. மரச்சட்டம், மிதி, பாவு சுற்றிய உருளை, அச்சு, விழுது எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. பக்கத்தில் ஜப்பானிய மொழியில் விளக்கப் பலகை. அந்தப் பலகை இல்லாவிட்டாலும் எனக்கு ஒன்றும் குறையில்லை. பள்ளிபாளையத்தில் தறிக்குடோனை ஒட்டிய வீட்டில் பிறந்தவனுக்குத் தறியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மிச்சியோ சுசுகி 1887இல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பதினான்கு வயதில் தச்சரிடம் வேலை கற்கப் போனார். ரஷ்ய-ஜப்பானியப் போர் வந்து கட்டட வேலை படுத்துவிட, அவருடைய ஆசான் தறி செய்கிற வேலைக்கு மாறினார். சீடனும் கூடவே மாறினான். அந்த வட்டாரம் முழுக்கப் பருத்தி நெசவுதான். வேலை கற்று முடித்ததும் மிச்சியோ முதலில் செய்த மிதித்தறி தன் தாய்க்கு என்று கம்பெனி வரலாறு சொல்கிறது. 1909இல், இருபத்திரண்டு வயதில், சொந்தமாகத் தறிப் பட்டறை போட்டார். 1920இல் அது கம்பெனியாயிற்று.

இத்தோடு நின்றிருந்தால் நானும் தலையாட்டிவிட்டு பைக் பக்கம் போயிருப்பேன். அடுத்து நின்றது என்னை நகரவிடவில்லை. இரும்புத் தறி, 1930 வாக்கில் செய்தது. ஒரு பக்கம் மட்டும் அடுக்கடுக்காக நாலு பெட்டி. ஒவ்வொரு பெட்டிக்கும், குறுக்கு நூலான ஊடையைக் கொண்டுபோகிற ஒரு நாடா, ஒவ்வொரு நாடாவுக்கும் ஒரு நிறம். பெட்டி ஏறி இறங்க, ஊடையில் நிறம் மாறும். நீளவாக்கில் ஓடும் பாவில் ஏற்கனவே இருக்கிற நிறக்கோடுகளோடு அது குறுக்கே சேரும்போது கட்டம் விழும். சாரோங் நெய்வதற்கென்றே செய்த தறி அது. தென்கிழக்கு ஆசியாவுக்குக் கப்பல் கப்பலாகப் போயிருக்கிறது.

சாரோங் என்றால் வேறொன்றுமில்லை, நம் கைலி. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் நெய்கிற அதே கட்டம் போட்ட கைலி. எங்கள் குடோனில் ஓடியதும் இப்படிப் பெட்டி ஏறி இறங்குகிற டிராப் பாக்ஸ் தறிதான். மேலே சிவப்பு, அதற்குக் கீழே பச்சை, அப்புறம் வெள்ளை என்று நாடாவைப் பெட்டியில் போடும் வரிசையைப் பள்ளிக்கூடத்து வாய்ப்பாட்டுக்கு முன்பே கற்றவன் நான். பைக் கம்பெனியின் மியூசியத்துக்கு வந்து, ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், எங்கள் அப்பாவின் தொழிலுக்கு முன்னால் நின்றேன்.

போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அப்பாவுக்கு அனுப்பினேன். என்ன, எங்கே என்று ஒரு வரியும் எழுதவில்லை. சற்று நேரத்தில் குரல் பதிவு வந்தது: "ஏப்பா, இது நாலு நாடாத் தறியல்ல? பொட்டி ஒரு பக்கந்தான் இருக்குது பாரு. அப்ப ரெண்டு ரெண்டு ஊடையாத்தான் நிறம் மாத்த முடியும். எங்க கெடைச்சுது? ஓடுற கண்டிசன்ல இருக்குதா?"

ஒரு பக்கம் மட்டும் பெட்டி இருந்தால் போன நாடா திரும்பி வந்த பிறகுதான் அடுத்த நாடாவை எடுக்க முடியும், அதனால் இரட்டைப்படையில்தான் நிறம் மாறும். இதை அவர் மூன்று அங்குலத் திரையில் பார்த்துச் சொன்னார். தறியை விட்டுப் பல வருஷமான மனிதர்.

தறிக்கும் வண்டிக்கும் என்ன உறவு என்று தோன்றலாம். வார்ப்பிரும்பு, பல்சக்கரம், நேரம் தப்பாமல் தூக்கி இறக்குகிற கேம், இதெல்லாம் தறிப் பட்டறைக்காரனுக்குக் கைவந்த சரக்கு. டொயோட்டா வம்சத்துக்கு மூலவரான சகிச்சி டொயோடாவும் தறி செய்தவர்தான். அவர் பிறந்ததும் ஹமாமட்சுவுக்குப் பக்கத்து ஊரில். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானில் பருத்தித் தொழில் ஏறி இறங்கித் தள்ளாடியது. தறியை மட்டும் நம்பினால் பிழைக்க முடியாது என்ற நிலைமை. அப்போது மிச்சியோவின் மருமகன் ஷுன்சோ சுசுகி மீன்பிடிக்கப் போய்விட்டு, அந்த வட்டாரத்தின் பேர்போன எதிர்க்காற்றில் சைக்கிளை மிதித்து மிதித்துச் சலித்து, இதில் ஒரு இஞ்சினை மாட்டினால் என்ன என்று யோசித்ததாகச் சொல்கிறார்கள். கம்பெனிகள் சொல்கிற பிறப்புக் கதைகளை நான் அப்படியே விழுங்குவதில்லை. ஆனால் கொங்கு நாட்டில் ஆடி மாசக் காற்றில் சைக்கிள் மிதித்தவன் என்பதால் இந்தக் கதையை மட்டும் நம்பிவிட்டேன்.

1952இல் வந்தது பவர் ஃப்ரீ. சைக்கிள் சட்டத்தின் நடுவில் 36 சிசி டூ-ஸ்ட்ரோக் இஞ்சின். இரட்டைப் பல்சக்கர ஏற்பாட்டால், இஞ்சினை மட்டும் ஓடவிடலாம், இஞ்சினோடு சேர்ந்து மிதிக்கலாம், இஞ்சினின் இணைப்பை விடுவித்து வெறும் சைக்கிளாகவும் மிதிக்கலாம். அடுத்த வருஷமே 60 சிசியில் டைமண்ட் ஃப்ரீ. 1954இல் கம்பெனியின் பெயரில் தறி போய் மோட்டார் வந்தது. 1955இல் சுசுலைட் கார். 1961இல் தறிப்பிரிவைத் தனிக் கம்பெனியாகப் பிரித்துவிட்டார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் சோறு போட்ட தொழிலைப் பிரித்து அனுப்பிய பிறகும், தறியை மட்டும் மறக்காமல் நடுவீட்டில் வைத்திருக்கிறார்கள்.

பவர் ஃப்ரீயைப் பார்த்ததும் டிவிஎஸ் 50 ஞாபகம் வராத தமிழன் இருக்க முடியாது. 1980இல் ஓசூரிலிருந்து வந்த அந்த மிதிவண்டி மொபெட் தறிக்கார ஊர்களில் செய்யாத வேலை இல்லை. நூல் மூட்டை, தார்ப்பெட்டி, துணி மடி, ஆள் நீளப் பாவு உருளை எல்லாம் அதில்தான் போகும். மேட்டில் திணறினால் மிதிக்கலாம். எங்கள் தெருவில் அதை யாரும் வாகனமாகப் பார்க்கவில்லை, கூலி கேட்காத ஓர் ஆளாகத்தான் பார்த்தார்கள்.

அப்பா மட்டும் ஒரு படி மேலே போனார். 1984இல் இண்ட் சுசுகி வந்தது. டிவிஎஸ் குழுமமும் சுசுகியும் சேர்ந்து ஓசூரில் செய்த ஏஎக்ஸ் 100. அதுவரை புல்லட், ராஜ்தூத், எஸ்டி என்று கனத்துப் போயிருந்த சாலையில், மெலிந்த ஒரு நூறு சிசி வண்டி. வரும் முன்னே சத்தம் வரும். ஒரு கைலி ஆர்டருக்கு நல்ல காசு வந்த வருஷத்தில் அப்பா அதை வாங்கினார். சிவப்பு டேங்க். டி.என். வருவதற்கு முந்தைய பதிவெண். எங்கள் ஊர் வாயில் அது இண்ட் சுசுகி இல்லை, "சுசுக்கி". "சுசுக்கி வந்துருச்சு" என்றால் அப்பா வந்துவிட்டார் என்று அர்த்தம்; தறி ஓட்டுகிறவர்கள் பீடியைத் தேய்த்து அணைப்பார்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஈரோட்டுக்குப் போகிற பயணம்தான் அந்த வண்டியின் பெரிய வேலை. கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தை அன்று இரவு தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும். பின்சீட்டில் கைலிக் கட்டு, கயிற்றால் இறுக்கி. டேங்க் மேல் நான். காவிரிப் பாலத்தில் ஏறியதும் காற்று முகத்தில் அடிக்கும், அப்பா கியரைக் குறைப்பார், இஞ்சின் ஒரு கத்துக் கத்தும். அப்பாவின் சட்டையில் பாவுக் கஞ்சி வாடையும் டூ-ஸ்ட்ரோக் புகை வாடையும் கலந்திருக்கும். அந்தக் கலவை இன்று எந்த ஊரிலும் கிடைக்காது. ஹமாமட்சுவில் நான் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்பது, தறிக்கும் பைக்குக்கும் நடுவில் நின்றபோதுதான் தெரிந்தது. ஒரே கூரையின் கீழ் இரண்டும் இருக்கிற இடம் எங்கள் வீட்டுக்கு அப்புறம் இது ஒன்றுதான்.

வாடை மட்டும் இல்லை. மியூசியத்தில் எல்லாம் துடைத்து வைத்திருந்தார்கள்.

டூ-ஸ்ட்ரோக் இஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், அதற்கு ஒரு மனிதனைச் சொல்ல வேண்டும். கிழக்கு ஜெர்மனியில் எம்இசட் கம்பெனியின் பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர். அங்கே வால்டர் காடன் என்ற பொறியாளர், புகைக்குழாயின் வயிற்றைப் பெருக்கிச் சுருக்கியே இஞ்சினின் பலத்தைக் கூட்டும் வித்தையைச் செம்மைப்படுத்தியிருந்தார். வெளியே போன அலை குழாயில் மோதித் திரும்பி, கூடவே நழுவப் பார்க்கிற புது பெட்ரோல் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளிவிடும். 1961 செப்டம்பரில், ஸ்வீடன் பந்தயத்துக்குப் போன டெக்னர் திரும்பவில்லை. மனைவியும் பிள்ளைகளும் ஒரு காரின் டிக்கிக்குள் ஒளிந்து மேற்கே வந்து சேர்ந்தார்கள். டெக்னரோடு அந்த வித்தை சுசுகிக்கு வந்தது. மறு வருஷமே ஐல் ஆஃப் மேன் டிடி பந்தயத்தில் 50 சிசி பிரிவில் டெக்னரும் சுசுகியும் ஜெயித்தார்கள். உலகப் பட்டமும் கிடைத்தது. 1963இல் அதே பிரிவில் மிட்சுவோ இட்டோ வென்றார். ஊரையும் நாட்டையும் விட்டு ஓடிவந்த ஒருவன் கொண்டுவந்த சரக்கு, பல கை மாறி, பல வருஷம் தேய்ந்து, பள்ளிபாளையம் பாலத்தில் ஒரு கத்துக் கத்தியிருக்கிறது. பொறியியல் படித்தவர்கள் இந்த வம்சாவளியைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

வீட்டில் அந்த வண்டிக்குச் செய்ய வேண்டிய சேவகம் எல்லாம் எனக்குத் தெரியும். காலையில் ஸ்டார்ட் ஆகவில்லையா, பிளக்கைக் கழற்று, உப்புத்தாளில் தேய், வாயால் ஊது, மாட்டு. இழுவை இல்லையா, சைலன்சரில் கரி அடைத்திருக்கிறது. மெக்கானிக் அதைக் கழற்றி நெருப்பில் போட்டுச் சுட்டு, தட்டித் தட்டிக் கரியைக் கொட்டுவார். தறிக்கும் இதே மாதிரிதான். எந்தச் சத்தம் சரி, எந்தச் சத்தம் தப்பு என்று காதுக்குத் தெரியும். தறிக்குடோன் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தறிச் சத்தத்தில் தூங்குவோம். கரண்ட் போய்த் தறி நின்றால்தான் விழிப்பு வரும்.

ஏக்கம் என்று எழுத உட்கார்ந்தால் எல்லாமே இனிப்பாகிவிடும் ஆபத்து உண்டு. அந்தச் சத்தம்தான் தறி ஓட்டியவர்களின் காதைச் செவிடாக்கியது. பஞ்சு பறக்கிற குடோனில் மூச்சிரைப்பு வாங்கினார்கள். அட்வான்ஸ் என்ற பெயரில் வாங்கிய கடனுக்குப் புருஷனும் பெண்சாதியும் வருஷக்கணக்கில் ஒரே குடோனில் கட்டுண்டு கிடந்த கதை எங்கள் ஊருக்குப் புதிதல்ல. எங்கள் குடோனும் விதிவிலக்கல்ல. டூ-ஸ்ட்ரோக் புகையும் பன்னீர் அல்ல: எரியாத பெட்ரோலும் எரிந்த எண்ணெயும்தான். புகை விதிகள் இறுகியபோது அந்த வண்டிகள் நின்றது நியாயம். இவ்வளவும் தெரிந்தும் மனசு அங்கேதான் போகிறது. அதற்கு நியாயம் தெரியாது.

எங்கள் தறிகளை அப்பா எடைக்குப் போட்டார். நூல் விலை ஏறியது, கைலிக் கூலி ஏறவில்லை, நாடா இல்லாத தறிகள் வந்து ஒரு நாளில் எங்கள் ஒரு வாரத்துத் துணியைத் தள்ளின. வாங்க வந்த பழைய இரும்புக்காரர்கள் தறியைக் கழற்றவில்லை. வார்ப்பிரும்பு வளையாது, உடையும். சம்மட்டியால் அடித்து உடைத்து லாரியில் ஏற்றினார்கள். எட்டுத் தறியும் ஒரு மத்தியானத்தில் முடிந்தது. அப்பா அன்று ஈரோட்டுக்குப் போய்விட்டார்; சந்தை இல்லாத நாள் அது. சுசுக்கியும் அதற்குப் பின்னே போயிற்று. டிவிஎஸ்ஸும் சுசுகியும் 2001இல் பிரிந்தபோது அந்த வண்டி எங்கள் வீட்டுத் திண்ணையோரம் சாக்குப் போர்த்திக் கிடந்தது. கேட்ட விலைக்குக் கொடுத்தார். வாங்கியவர் யார் என்று இன்று கேட்டால் அவருக்கு ஞாபகமில்லை.

பிளாசாவின் மூன்றாம் தளத்தில் வரிசையாக எத்தனையோ வண்டிகள். 1980களின் கட்டானாவுக்கு முன்னால் ஓர் இளைஞன் காதலியை நிற்க வைத்துப் படமெடுத்துக்கொண்டிருந்தான். நான் தேடிய மெலிந்த நூறு சிசி என் கண்ணில் படவில்லை. அதில் எனக்குப் பெரிய வருத்தமும் இல்லை. அந்த வண்டி ஓசூரில் செய்தது, அதை வைக்க வேண்டிய இடம் ஹமாமட்சு அல்ல.

என் வருத்தம் வேறு. தறியை விட்டுவிட்டு வண்டிக்குப் போன கம்பெனி, தறியை வைத்திருக்கிறது. தறியாலேயே வாழ்ந்த நாம், ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. பவானி ஜமுக்காளத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கினோம், காஞ்சிபுரம் பட்டுக்கு வாங்கினோம். கைத்தறிக்குக் கண்காட்சி உண்டு, விழா உண்டு. விசைத்தறிக்கு என்ன இருக்கிறது? லட்சக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்ட அந்த இரும்பை அழகில்லை என்று ஒதுக்கிவிட்டோம். ஜப்பான்காரன் அதை விளக்குப் போட்டு வைத்திருக்கிறான், பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து காட்டுகிறான்.

ஆகவே பள்ளிபாளையம், குமாரபாளையம், சோமனூர், பல்லடம் பக்கம் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இந்த வருஷமோ அடுத்த வருஷமோ உங்கள் குடோனுக்கும் லாரி வரும். போட வேண்டியதைப் போடுங்கள், கடன் இருக்கும், கல்யாணம் இருக்கும், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஒன்றே ஒன்றை மட்டும் சம்மட்டிக்குக் கொடுக்காதீர்கள். வீட்டில் இடமில்லை என்றால் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கோ பாலிடெக்னிக்குக்கோ கேட்டுப் பாருங்கள், ஒரு மூலை கிடைக்கும். கொடுக்கும்போது நாடாவையும் தார்க்குச்சியையும் கூலிக் கணக்கு நோட்டையும் சேர்த்துக் கொடுங்கள். அவை இல்லாமல் தறி எப்படி ஓடியது, யாருக்காக ஓடியது என்பது பார்க்கிற பிள்ளைக்குப் புரியாது.